பத்துக் கோல்களின் கணக்கு

சங்கரன்கோவிலிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிச் செல்வோர் ராயகிரி என்னும் ஊரைக் காண்பர். மழை பொய்த்த ஆண்டுகளில் அப்பகுதியின் குளங்கள் வற்றிக் கிடக்கும். நீர் வற்றிய குளம் உழவர்க்குத் துன்பம். சிறுவர்க்கோ அஃது ஒரு விளையாட்டுத் திடல். கருவேல முட்களை ஒதுக்கிவிட்டு, இரு பக்கமும் இவ்விரண்டு கற்களை நட்டு, மாலைதோறும் அவர்கள் பந்தை உதைத்து ஆடுவர். ஆட்டம் முடிந்து கரைமேல் அமர்ந்ததும் மற்றோர் ஆட்டம் தொடங்கும். அது வாயால் ஆடும் ஆட்டம். அதற்குப் பந்து வேண்டுவதில்லை, எண்களே போதும்.

"ஒரே ஆட்டத்தில் பத்துக் கோல் வாங்கித் தோற்ற நாடு நம் நாடு" என்பான் ஒருவன். "ஆசிய விளையாட்டில் இருமுறை தங்கப் பதக்கம் வென்ற நாடு" என்று மறுப்பான் அடுத்தவன். "உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமேனும் ஆடியதுண்டா?" என்று கேட்பான் மூன்றாமவன். "ஆட இடம் கிடைத்ததே, அது பொய்யா?" என்று சினப்பான் நான்காமவன். நால்வர் கூற்றும் உண்மையே. ஆயினும் அவை ஒன்றோடொன்று முட்டுகின்றன. எண்கள் பொய் சொல்லவில்லை. அவை பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திக் கொள்கின்றன. மீதிப் பாதியை நாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அவ்வாறு தேடுவதற்கு ஏற்ற சிறு கணக்கு ஒன்று உண்டு. இந்திய ஆடவர் கால்பந்து அணி ஒலிம்பிக் பந்தயங்களில் நான்கு முறை கலந்து கொண்டது. 1948, 1952, 1956, 1960 ஆகியவை அவ்வாண்டுகள். அந்நான்கு பந்தயங்களிலும் நம்மவர் களத்தில் இறங்கி ஆடிய ஆட்டங்கள் 8. அவற்றுள் வெற்றி 1, சமநிலை 1, தோல்வி 6. நம்மவர் அடித்த கோல்கள் 10. வாங்கிய கோல்கள் 27. இவ்வளவுதான் கணக்கு. இதனை மட்டும் படிப்பவன், "இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?" என்று ஏட்டை மூடிவிடுவான். நாம் மூடாமல் ஒவ்வொரு கோலாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் கோல் 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் விழுந்தது. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. இலண்டன் மாநகரின் அருகேயுள்ள இல்போர்டு என்னும் இடத்தில் இந்தியாவும் பிரான்சும் மோதின. நம் அணிக்குத் தலைவர் நாகர் இனத்தவரான தாலிமேரன் ஆவோ. நம்மவருள் பெரும்பாலோர் காலில் பூட்சு இல்லை. சிலர் துணிக்கட்டுகளைச் சுற்றிக் கொண்டிருந்தனர். அஃது அவர்களுக்குப் புதுமையன்று. 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோதும், பதினொருவரில் பதின்மர் வெறுங்காலரே. (அக்கேடயத்துக்கான முதல் போட்டி 1893இல் நடந்தது. அதனை வென்றது ராயல் ஐரிஷ் ரைபிள்ஸ் என்னும் அயர்லாந்துப் படைப்பிரிவு. அயர்லாந்தைப் பற்றி இன்னும் சில செய்திகள் பின்னர் வரும்.)

இல்போர்டில் முதற்பாதியிலேயே பிரான்சு ஒரு கோல் போட்டது. எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதனைச் சமன் செய்தார். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது பிரான்சு மற்றொரு கோல் அடித்தது. 1–2 என நாம் தோற்றோம்.

ஏட்டில் உள்ளது இவ்வளவே. ஏட்டில் இடம்பெறாதது யாது? அவ்வாட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. கோல் காவலர் ஒருவரே எதிரில் நிற்க, பன்னிரண்டு கஜ தூரத்திலிருந்து உதைக்கும் உதை அது, பெரும்பாலும் தப்பாது. ஒன்றைச் சைலேன் மன்னா உதைத்தார். மற்றொன்றை மகாவீர் பிரசாத் உதைத்தார். இரண்டும் கோலாகவில்லை. இரண்டும் கோலாகியிருந்தால் ஏட்டில் வேறு எண் இருந்திருக்கும். தோல்விதான், ஐயமில்லை. ஆனால் நெருங்கி நின்று தோற்ற தோல்விக்கும் ஓடி ஒளிந்து தோற்ற தோல்விக்கும் ஏட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது.

இனி, ராயகிரிச் சிறுவருள் மூன்றாமவனும் நான்காமவனும் வாதிட்ட உலகக் கோப்பைக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆசியப் பிரிவில் எதிர்த்து ஆட வேண்டிய நாடுகள் விலகிக் கொண்டதால் ஆடாமலே கிடைத்த இடம் அது. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு இந்தியாவையும் ஒரு பிரிவில் சேர்த்தனர். பின்னர் இந்தியாவும் விலகிக் கொண்டது. எனவே தகுதி பெற்றது 1, ஆடியது 0. நான்காமவனும் வென்றான், மூன்றாமவனும் வென்றான்.

ஏன் விலகியது? "வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று உலகக் கால்பந்துக் கழகம் தடுத்தது, அதனால் நம்மவர் மறுத்துவிட்டனர்" என்பது நாடெங்கும் வழங்கும் கதை. கேட்க இனிய கதைதான். கதை இனியது என்பதால் உண்மையாகிவிடாது. அணித் தேர்வில் ஏற்பட்ட கருத்து வேறுபாடும், பயிற்சிக்குக் காலம் போதாமையுமே அன்று விளையாட்டுத் தலைமையினர் கூறிய காரணங்கள். பிரேசிலுக்குக் கடல்வழிப் பயணம் மிக நீண்டது. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றைச் சைலேன் மன்னா முதுமையில் எடுத்துரைத்தார்: அந்நாளில் அவர்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாம், உலகக் கோப்பையின் பெருமையை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அவர் அக்காலத்து முன்னணி ஆட்டக்காரர், 1951இல் அணித்தலைவர். அவர் சொல்லை விட்டுவிட்டுக் கட்டுக்கதையைப் பற்றிக்கொள்வது முறையன்று. மேலும், 1950இல் தடையாக இருந்தது வெறுங்கால் என்றால், இரண்டாண்டுகள் கழித்துப் பின்லாந்தில் அதே கால்கள் ஒலிம்பிக் களத்தில் இறங்கியது எவ்வாறு? இக்கேள்வியைக் கதை சொல்வோர் எவரும் தமக்குத் தாமே கேட்டுக் கொள்வதில்லை.

அந்தப் பின்லாந்து ஆட்டத்துக்கு முன்னர் ஓர் இனிய ஆண்டு உண்டு. 1951 மார்ச்சுத் திங்களில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடைபெற்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம் நம் அணியின் பயிற்சியாளர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர் அவர். களத்திலும் ஆசிரியராகவே இருந்தார். நம்மவர் இந்தோனேசியாவை 3–0 என வென்றனர். ஆப்கானிஸ்தானத்தை 3–0 என வென்றனர். இறுதியில் ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றனர். அவ்வொரு கோலை அடித்தவர் சாகு மேவாலால். போட்டி முழுவதிலும் எதிரிகள் நம் வலைக்குள் ஒரு பந்தையும் செலுத்த இயலவில்லை.

தங்கம் வென்ற மகிழ்ச்சியோடு 1952 ஜூலையில் ஹெல்சிங்கி நகரம் சென்றனர். ஜூலை 15ஆம் நாள் யூகோஸ்லாவியாவோடு ஆட்டம். குளிர் நாடு, நம்மவருள் பலர் அங்கும் வெறுங்காலுடனே ஆடினர். அந்நாளின் கணக்கு 1–10. இரண்டாவது கோல் நமக்கு எங்கே கிடைத்தது என்று தேடுவோர் இவ்வாட்டத்தில் அதனைக் காணலாம். அடித்தவர் அகமது கான்.

இவ்வெண்ணை மறைத்துப் பேசுவோர் உளர். மறைப்பதனால் யாது பயன்? நாம் வாங்கிய 27 கோல்களில் 10 இவ்வொரு நாளிலேயே விழுந்தன. எஞ்சிய 7 ஆட்டங்களில் விழுந்தவை 17 மட்டுமே. ஒரு நாளின் பெருந்தோல்வி மொத்தக் கணக்கின் நிறத்தையே மாற்றிவிடுகிறது. மாணவர் கணக்குப் பாடத்தில் 'சராசரி' என்று ஒன்றைப் படிக்கின்றனர். 27ஐ 8ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேற்பட்ட கோல்கள் வரும். ஆனால் அந்த எட்டில் நான்கு ஆட்டங்களில் நாம் வாங்கியவை மூன்றுக்கும் குறைவு. இரண்டு ஆட்டங்களில் சரியாக மூன்று. ஓர் ஆட்டத்தில் நான்கு என்று பிரித்தால்தான் சராசரியின் பொருள் விளங்கும். ஒரு பெரிய எண் உள்ளே புகுந்தால் சராசரி அதன் பக்கம் சாய்ந்துவிடும். மேலும், நம்மைத் தோற்கடித்த யூகோஸ்லாவியா சாதாரண அணியன்று. அவ்வாண்டு இறுதியாட்டம் வரை சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின்னரே இந்தியக் கால்பந்துத் தலைமை பூட்சு அணிவதைக் கட்டாயமாக்கியது. நூறு அறிவுரைகள் செய்யாததை அந்த 1–10 செய்தது.

இங்கே அயர்லாந்தை நினைத்துக் கொள்ளலாம். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், கடல் சூழ்ந்த சிறு தீவு அது. அதன் மக்கள் தொகை நம் தமிழ்நாட்டின் பெரிய மாவட்டங்கள் சிலவற்றை ஒன்று சேர்த்தால் அடங்கிவிடும். அத்தீவின் கால்பந்துச் சங்கம் 1880இல் பெல்பாஸ்டு நகரில் தோன்றியது. 1882 பிப்ரவரி 18ஆம் நாள் அயர்லாந்து தன் முதல் நாட்டுப் பந்தயத்தை ஆடியது. எதிர்த்து வந்தது இங்கிலாந்து. முடிவு என்ன தெரியுமா? 0–13! முதல் அடியே அவ்வாறு விழுந்தது. பிற்காலத்தில் அத்தீவு அரசியலால் இரண்டாகப் பிரிந்தது. 1921இல் டப்ளின் நகரில் தனிச்சங்கம் எழுந்தது. இன்று வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசு என இரண்டு அணிகள் உள்ளன. பழைய 0–13 வட அயர்லாந்தின் ஏட்டில் நிற்கிறது. நாடு பிரிந்தால் நிலம் மட்டுமன்று, தோல்விகளையும் பாகப்பிரிவினை செய்ய வேண்டியிருக்கிறது போலும்!

மூன்றாம் கோல் முதல் ஏழாம் கோல் வரை ஐந்தும் 1956இல் மெல்போர்ன் நகரில் கிடைத்தவை. முதற்சுற்றில் ஹங்கேரியோடு நாம் ஆட வேண்டும். அந்நாட்டில் அவ்வாண்டு எழுந்த புரட்சியின் விளைவாக அதன் கால்பந்து அணி விலகியது. ஆடாமலே நாம் கால் இறுதிக்குச் சென்றோம். அங்கே எதிரி, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவே. டிசம்பர் முதல் நாள் நடந்த அவ்வாட்டத்தில் பம்பாயைச் சேர்ந்த நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவதைக் கிருஷ்ணசாமி அடித்தார். 4–2 என நாம் வென்றோம். ஒலிம்பிக்கில் நாம் களத்தில் பெற்ற வெற்றி இவ்வொன்றுதான்.

அரை இறுதியில் மீண்டும் யூகோஸ்லாவியா. நான்காண்டுகளுக்கு முன்னர்ப் பத்துக் கோல் போட்ட அதே நாடு. இடைவேளை வரை கோல் இல்லை. 52ஆம் நிமிடத்தில் முதல் கோலை அடித்தது யார்? இந்தியாவே! அடித்தவர் மறுபடியும் நெவில். சில நிமிடங்கள் மட்டுமே அந்த முன்னிலை நிலைத்தது. பின்னர் யூகோஸ்லாவியா நான்கு கோல்கள் போட்டு வென்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 எனத் தோற்று நான்காமிடம் பெற்றோம். நான்கு கோல்கள் அடித்த நெவில் அப்போட்டியில் மிகுதியான கோல் அடித்தோர் வரிசையில் மற்றவரோடு சமமாக முதலிடம் பெற்றார்.

'ஒலிம்பிக்கில் நான்காமிடம்' என்பது இன்றளவும் நம் கால்பந்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் இதிலும் நாம் நேர்மையாய் இருத்தல் வேண்டும். தோல்வி எண்ணைப் பிரித்துப் பார்த்த நாம், பெருமை எண்ணையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். அப்போட்டியில் ஆடிய நாடுகள் 11. நாம் ஆடியவை 3 ஆட்டங்கள், வென்றது 1, அடித்தவை 5, வாங்கியவை 9. இக்கணக்கு நான்காமிடத்தைப் பொய்யாக்குமா? ஆக்காது. அரை இறுதிக்குச் செல்ல அன்று தேவைப்பட்டது ஒரு வெற்றி. அவ்வொரு வெற்றியை, போட்டி நடத்திய நாட்டின் மண்ணிலேயே நம்மவர் ஈட்டினர். சந்தர்ப்பம் பாதி கொடுத்தது. மீதிப் பாதியை அவர்கள் எடுத்துக் கொண்டனர்.

இதனோடு ஒப்பிட அயர்லாந்துக் குடியரசின் கணக்கைப் பார்ப்பது சுவையானது. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைக்கு அவ்வணி முதன்முதலாகச் சென்றது. இங்கிலாந்தோடு 1–1, எகிப்தோடு 0–0, நெதர்லாந்தோடு 1–1, இவற்றால் அடுத்த சுற்றுக்குச் சென்றது. அங்கே ருமேனியாவோடு 0–0. வெற்றியை முடிவு செய்யப் பெனால்டி உதைகள் உதைக்கப்பட்டன. ருமேனியரின் ஐந்தாம் உதையை அயர்லாந்துக் கோல் காவலர் பானர் பாய்ந்து தடுத்தார். அயர்லாந்தின் ஐந்தாம் உதையை ஓ'லியரி வலைக்குள் செலுத்தினார். கால் இறுதியில் இத்தாலியிடம் 0–1 எனத் தோற்று நாடு திரும்பினர். பெனால்டி உதைகளால் முடிவாகும் ஆட்டத்தைக் கணக்கேடு சமநிலை என்றே எழுதும். ஆகவே 5 ஆட்டங்கள், வெற்றி 0, அடித்தவை 2, வாங்கியவை 3. ஒரு வெற்றியும் இன்றி, இரண்டே கோல்களோடு, உலகின் முதல் எட்டு அணிகளுள் ஒன்றாயினர்! வெற்றி என்ற கட்டத்தில் சுழியம் இருக்க, டப்ளின் நகரத் தெருக்களில் பெருந்திரளான மக்கள் கூடி அவர்களை வரவேற்றனர். அவர்கள் கணக்கறியாதவரா? அல்லர். அந்தச் சுழியத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பைக் கண்ணால் கண்டவர்கள்.

1960இல் உரோம் நகர ஒலிம்பிக். இம்முறை நம் அணியின் தலைவர் பி.கே. பானர்ஜி. நாம் சேர்ந்த பிரிவில் ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகியவை இருந்தன. ஹங்கேரியோடு 1–2 எனத் தோற்றோம். நம் கோலை அடித்தவர் துளசிதாஸ் பலராம். அஃது எட்டாம் கோல். ஹங்கேரி அப்போட்டியில் வெண்கலம் பெற்றது. அடுத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நம்மை வென்ற பிரான்சு. பானர்ஜி 71ஆம் நிமிடத்தில் கோல் அடித்தார். ஒன்பதாம் கோல் அது. இன்னும் எட்டு நிமிடங்கள் தாக்குப் பிடித்திருந்தால் வெற்றி நமதே. 82ஆம் நிமிடத்தில் பிரான்சு சமன் செய்துவிட்டது. கணக்கில் உள்ள ஒரே சமநிலை இதுவே. மூன்றாவதாகப் பெருவிடம் 1–3 எனத் தோற்றுப் பிரிவில் கடைசியாய் நின்றோம். அவ்வாட்டத்தில் விழுந்த பத்தாம் கோலைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதனைச் சற்றுத் தள்ளி வைப்போம்.

உரோமில் கடைசியாய் நின்ற அணியே இரண்டாண்டுகளில் ஆசியாவின் முதல் அணியாயிற்று. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுகள். நம் முதல் ஆட்டம் தென் கொரியாவோடு. 0–2 எனத் தோல்வி. பின்னர்த் தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0, அரை இறுதியில் தென் வியட்நாமை 3–2 என வென்றனர். தாய்லாந்தோடு ஆடுகையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னெயில் சிங்குக்குத் தலையில் காயம் பட்டுத் தையல் போட நேர்ந்தது. தையல் போட்ட தலையோடு தடுப்பில் நின்று பந்தை முட்டுவது இடர் எனக் கண்ட ரகீம், அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். முன்வரிசையில் சென்று அரை இறுதியில் ஒரு கோலும் இறுதியில் ஒரு கோலும் அடித்தார் அவர். அவ்விரண்டையும் தலையாலேயே அடித்தார் என்பர்!

இறுதியாட்டம் செப்டம்பர் 4ஆம் நாள். எதிரி மீண்டும் தென் கொரியா. ஜகார்த்தா மக்கள் அன்று நம்மேல் சினம் கொண்டிருந்தனர். இஸ்ரேலையும் தைவானையும் அப்போட்டிகளுக்கு அழைக்காதது பற்றி இந்திய விளையாட்டுத் தலைவர் ஒருவர் எழுப்பிய எதிர்ப்பே அதற்குக் காரணம். திரண்டிருந்த பெருங்கூட்டம் முழுவதும் கொரியாவுக்காக முழங்கியது. பானர்ஜியும் ஜர்னெயிலும் முதற்பாதியிலேயே இரண்டு கோல்கள் அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்று திருப்பியது. 2–1. தங்கம் நமதாயிற்று. சுனி கோஸ்வாமி தலைமை தாங்கிய அணி அது. பயிற்சியாளர் ரகீம் அப்போது புற்றுநோயால் நலிந்திருந்தார். 1963 ஜூனில் மறைந்தார்.

அன்று நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்தவர், நீலகிரி மலையில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தவர். தொடக்கத்தில் முன்வரிசையில் கோல் அடிக்கும் ஆட்டக்காரராக இருந்து, பின்னரே கோல் காவலரானார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். 1955இலும் 1958இலும் டூராண்டு கோப்பையை வென்ற மதராஸ் படைப்பிரிவு அணியில் அவர் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் எனப் பாராட்டப் பெற்றார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். ஜகார்த்தாவில் உடல்நலம் குன்றியிருந்த அவர் இறுதியாட்டத்துக்கு எழுந்து வந்து நின்றார். கோல் அடித்தவர் பெயரை எழுதக் கணக்கேட்டில் ஒரு வரிசை உண்டு. கோலாகாமல் தடுத்த பந்துகளை எழுத அக்கால ஏட்டில் வரிசை இல்லை. ஆகவே தங்கராஜைப் பற்றி அவ்வாட்டக் கணக்கு சொல்வது ஒன்றே: 'ஒரு கோல் விட்டார்.'

1964இல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் அப்போட்டியில் இறுதிச் சுற்றில் ஆடியவை நான்கே நாடுகள். 'இரண்டாமிடம்' என்று கேட்டதும் 'எத்தனையில்?' என்று கேட்டுப் பழகுதல் நலம்.

பிற்காலத்து எண்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். நாட்டுக்காக ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் ஆங்கிலேயர் 'தொப்பி' என்பர். 1886இல் தம் நாட்டு ஆட்டக்காரருக்கு உண்மையாகவே துணித்தொப்பி வழங்கத் தொடங்கியதால் வந்த பெயர் அது. நம் சுனில் சேத்ரி 2005இல் பாகிஸ்தானை எதிர்த்து முதன்முதல் ஆடினார். அன்றே ஒரு கோல் அடித்தார். 2024 ஜூனில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 151 ஆட்டங்கள், 94 கோல்கள். மறு ஆண்டு அழைப்பை ஏற்று மீண்டும் வந்து மேலும் ஒரு கோல் அடித்தார். அயர்லாந்துக் குடியரசுக்காக ராபி கீன் ஆடியவை 146, அடித்தவை 68. (இவர் 2017இல் கல்கத்தா அணி ஒன்றில் சேர்ந்து நம் நாட்டிலும் ஆடினார்.) வகுத்துப் பார்த்தால் சேத்ரிக்கு ஆட்டத்துக்கு 0.62, கீனுக்கு 0.47. அப்படியானால் சேத்ரியே பெரியவரா? கீன் எதிர்த்தவை ஐரோப்பாவின் வலிய தடுப்புகள். சேத்ரி எதிர்த்தவை பெரும்பாலும் ஆசிய அணிகள். அதே வேளையில், கீனுக்குப் பந்து கொடுக்க வலிய துணைவர் இருந்தனர். சேத்ரிக்கு அத்தகையோர் குறைவு. இரண்டையும் நிறுத்துப் பார்க்க ஒரு தராசு இல்லை. என் மனம் சேத்ரியின் பக்கம் சாய்கிறது. அது மனத்தின் கணக்கு, எண்ணின் கணக்கன்று.

நம் பெண்கள் அணியின் கணக்கை மறப்பது நீதியன்று. 2025இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அவ்வணி நான்கு ஆட்டங்களில் 24 கோல்கள் அடித்து ஒன்றே ஒன்று வாங்கியது. மங்கோலியாவோடு மட்டும் 13–0. எனவே இங்கும் சராசரி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. உண்மையான சோதனை கடைசி ஆட்டமே. தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2–1 என வென்றனர். இரண்டு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்போர். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இலும் 2023இலும் தேசிய வாகையர் ஆயினர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் அவர்களுள் பெயர் பெற்றவர். மதுரையின் சேது அணி 2019இல் இந்தியப் பெண்கள் கூட்டுப் போட்டியை வென்றது.

இனித் தள்ளி வைத்த பத்தாம் கோல்.

1960இல் பெருவுக்கு எதிராக அக்கோலை அடித்தவர் யார்? தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் என்று பல நூல்களும் இதழ்களும் கூறும். ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோலை அடித்தவர் என்றே அவரைக் குறிப்பது வழக்கம். அவர் பின்னாளில் பயிற்சியாளராகி, 1973இல் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணியை வழிநடத்தினார். ஆனால் வேறு சில ஏடுகளோ அக்கோலுக்கு எதிரே பலராம் பெயரை எழுதியிருக்கின்றன. ஹங்கேரிக்கு எதிராக ஒன்று, பெருவுக்கு எதிராக ஒன்று என அவருக்கு இரண்டு கோல்கள் என்பது அவ்வேடுகளின் கணக்கு. ஆயிரக்கணக்கானோர் பார்க்க நடந்த ஆட்டம். ஒரே ஒரு கோல். அதனை அடித்தவர் பெயரிலேயே ஏடுகள் இரண்டுபட்டு நிற்கின்றன. எண்ணில் ஐயமில்லை, பத்து என்பது பத்துதான். பெயரில்தான் ஐயம். அதற்குப் பின்னர் இந்திய ஆடவர் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறாமையால், அந்தக் கோலுக்கு மேல் எழுத இன்னொரு கோலும் வரவில்லை.

ராயகிரிச் சிறுவருள் ஒருவன் இக்கணக்கையெல்லாம் நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறான். ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு பெயர். பத்துக்கு எதிரே மட்டும் இரண்டு பெயர்களை எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறான்.